குளவி கொட்டியவருக்கு ஒவ்வாமை உண்டா என்று யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு,

'குளவிக்கொட்டுக்கு இலக்கான தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி' என்ற தலைப்பு மலையகச் செய்திகளில் ஓய்ந்தபாடில்லை. மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை, பசறை என்று ஊர்தான் மாறுகிறது. எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடும். வீடு திரும்பியவர்களில் யாருக்கு அடுத்த ஒரே கொட்டு உயிருக்கு உலை வைக்கும் என்று எவரும் தேடுவதில்லை. அரிப்பைக் குறைக்கும் பிரிட்டோன் மாத்திரை நான்கைந்தோடு வீட்டுக்கு வந்தவர் அடுத்த கிழமை அதே மலையில் கொழுந்து பறிக்க நிற்கிறார். அவரை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழியுண்டு. அந்த வழி ஆய்வுகூடத்தில் தொடங்குவதல்ல, கொட்டு வாங்கிய அன்று எழுதப்படும் நான்கு வரியில் தொடங்குவது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நூறு கொட்டு வாங்கி வாந்தியெடுப்பவருக்கும் ஒரே கொட்டில் மயங்கி விழுந்தவருக்கும் நடந்தது ஒன்றல்ல. முதலாமவரைப் பாதிப்பது விஷத்தின் அளவு. தேனீ விஷத்திலுள்ள மெலிட்டினும் பொஸ்போலிபேஸும் இரத்தத்தின் சிவப்பணுக்களையும் தசையையும் நேரடியாகச் சிதைக்கின்றன. சிதைந்தவற்றின் கழிவு சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. முதல் நாள் வலி, வாந்தி, தலையிடி என்று மட்டும் இருந்தவருக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போகும், அல்லது அளவு குறையும். அதனால் ஐம்பதுக்கு மேல் கொட்டு வாங்கிய பெரியவரை, அவர் எவ்வளவு தெம்பாகத் தெரிந்தாலும், ஒரு நாளாவது வார்ட்டில் வைத்துச் சிறுநீரை அளந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், தசைச் சிதைவைக் காட்டும் சீ.பி.கே. ஆகிய இரத்தப் பரிசோதனைகளைத் திரும்பவும் செய்து பார்க்க வேண்டும். சிறுபிள்ளைக்கு இதைவிடக் குறைந்த கொட்டே போதும். இது நஞ்சேறுதல். ஒவ்வாமை அல்ல.

இரண்டாமவரின் உடல் முன்பு எப்போதோ வாங்கிய ஒரு கொட்டின்போது அந்த விஷத்துக்கு எதிராக ஐ.ஜி.ஈ. என்ற பிறபொருளெதிரியை உண்டாக்கி வைத்திருக்கிறது. அடுத்த முறை அதே விஷம் உள்ளே போனதும் மாஸ்ட் கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள், தடிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமினையும் அதன் கூட்டாளிகளையும் ஒரேயடியாகக் கொட்டிவிடுகின்றன. இதற்கு விஷத்தின் அளவு பொருட்டல்ல. பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தொடங்கிவிடும். பத்துப் பேருக்குக் கொட்டிய இடத்தில், இரண்டே கொட்டு வாங்கிய ஒருவர் மற்ற எல்லோருக்கும் முன்பாக விழுந்தால் அவர்தான் நாம் தேடும் ஆள். அறுபது கொட்டோடு ஒவ்வாமையும் சேர்ந்து வருவதும் உண்டு. அப்போது இரண்டுக்கும் வைத்தியம் வேண்டும்.

ஒவ்வாமையிலும் படிகள் உண்டு. கொட்டிய இடத்தில் வலித்து, சிவந்து, ஓரிரு நாளில் வற்றுவது எல்லோருக்கும் வருவதுதான். வீக்கம் 10 சென்டிமீற்றரைத் தாண்டி, ஒரு நாளுக்கு மேல் நீடித்து, கையில் கொட்டியது முழங்கை கடந்தும் பரவினால் அது பெரிய உள்ளூர் வீக்கம். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனாலும் இப்படிப்பட்டவர்களில் அடுத்த கொட்டில் உடல் முழுவதும் பாதிக்கப்படுபவர்கள் நூற்றில் பத்துப் பேரைத் தாண்டுவதில்லை என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பயப்பட வேண்டியது கொட்டிய இடத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வரும் அறிகுறிகளுக்கு. கையில் கொட்டியிருக்க, வயிற்றிலும் முதுகிலும் தடிப்பு எழுவது, உள்ளங்கையும் உச்சந்தலையும் அரிப்பது, உதடும் நாக்கும் வீங்குவது, குரல் கம்முவது, இளைப்பு, வயிற்றைப் பிசைந்து வாந்தி, கண் இருண்டு மயக்கம். தடிப்பே இல்லாமல் நேராக மயங்கி விழுவதும் உண்டு. அதைப் 'பயத்தில் மயக்கம்' என்று எழுதி அனுப்பிவிடுவது நாங்கள் அடிக்கடி காணும் தவறு. நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உடனே அளந்து எழுதினால் இந்தத் தவறு பெரும்பாலும் நடக்காது.

அடுத்தது, கொட்டியது எது என்பது. தோட்டத்தில் எல்லாவற்றையும் குளவி என்றே சொல்கிறோம். ஆனால் கொத்தாக விரட்டி வந்து கொட்டும் சம்பவங்களில் பெரும்பாலும் வருவது மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரு. உயர்ந்த மரக்கிளையிலோ பாறை விளிம்பிலோ தண்ணீர்த் தாங்கியின் அடியிலோ மறைப்பில்லாத ஒற்றை அடையாகத் தொங்கும். உண்மையான குளவியின் கூடு காகிதம் போன்ற உறையோடு மரத்திலோ பற்றையிலோ சில வேளை தேயிலைச் செடிக்குள்ளேயோ இருக்கும். இந்த வித்தியாசம் பரிசோதனைக்கு அடிப்படை. இரண்டின் விஷமும் வேறு. ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றதற்கும் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

தோலைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் அது தோலிலேயே தங்கிவிடும். சின்னக் கறுப்பு முள்ளும் அதன் மேல் வெளிறிய விஷப்பையும் ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் அந்தப் பை இன்னும் துடித்து விஷத்தை உள்ளே இறைத்துக்கொண்டிருப்பது தெரியும். குளவி கொடுக்கை விட்டுச்செல்லாது. திரும்பத் திரும்பக் கொட்டும். தேனீயின் விஷம் பெரும்பகுதி ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடுவதால் கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசித்து நிற்கக் கூடாது. நகத்தால் வழித்தாலும் சரி, விரலால் பிடுங்கினாலும் சரி, வேகந்தான் முக்கியம். சுண்ணாம்பு தேடுவதும் மஞ்சள் அரைப்பதும் அந்த நிமிடத்தை வீணாக்கும் வேலை. தங்கிய கொடுக்கிலிருந்து பழுத்த வாழைப்பழம் போல ஒரு வாசம் வரும். அது மற்றத் தேனீக்களை அதே இடத்துக்கு அழைக்கும் வாசம். எனவே முதலில் முகத்தை மூடிக்கொண்டு ஓடி விலகிவிட வேண்டும், பிறகே கொடுக்கு.

இப்போது அந்த நான்கு வரி. கொட்டிய நேரமும் எத்தனை கொட்டு என்பதும் ஒரு வரி. கொடுக்கு தோலில் இருந்ததா, கூடு எப்படி இருந்தது என்பது ஒரு வரி. முதல் அறிகுறி என்ன, கொட்டி எத்தனை நிமிடத்தில் வந்தது, அப்போது இரத்த அழுத்தம் எவ்வளவு என்பது ஒரு வரி. எந்த மருந்து எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது என்பது கடைசி வரி. தோட்ட மருந்தகத்தில் எழுதி நோயாளியோடு அனுப்பினால் ஆதார வைத்தியசாலையில் அது வீடு திரும்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் ஏறும். 'குளவிக்கொட்டு, சிகிச்சை அளிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதிய கார்டை இரண்டு மாதம் கழித்துக் கையில் எடுக்கும் ஒவ்வாமை நிபுணர் அதிலிருந்து எதையும் அறிய முடியாது. தேயிலைப் பிரதேசமான தெனியாயவில் தேனீ, குளவி கொட்டிய 322 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2015 இல் சிலோன் மெடிக்கல் ஜேர்னலில் வெளியானது. அந்தளவு பதிவு அங்கே சாத்தியமென்றால் டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் சாத்தியம். வேலை நேரத்தில் நேர்ந்த பாதிப்புக்கு 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கோரிக்கை வைக்கும் தொழிலாளிக்கும் இதே குறிப்புத்தான் கைகொடுக்கும்.

கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் வைத்தியசாலையில் இருக்கும்போதே எடுக்கக்கூடிய ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு. மாஸ்ட் கலங்களிலிருந்து வெளிவரும் டிரிப்டேஸின் அளவைப் பார்ப்பது. அறிகுறி தொடங்கி ஒன்று, இரண்டு மணித்தியாலத்தில், பிந்தினால் நான்கு மணித்தியாலத்துக்குள் இரத்தம் எடுக்க வேண்டும். ஒரு நாள் கழித்து, எல்லாம் அடங்கிய பிறகு, இரண்டாவது மாதிரி. முதல் அளவு, இரண்டாவதை 1.2 ஆல் பெருக்கி 2 ஐக் கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருந்தால் மாஸ்ட் கலங்கள் உள்ளிருப்பதை உண்மையில் கொட்டியிருக்கின்றன என்று அர்த்தம். இந்த மாதிரிகளைப் பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அனுப்ப வழியில்லாவிட்டால் அதற்காகச் சிகிச்சையை ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஆனால் அடங்கிய பிறகு எடுக்கும் இரண்டாவது மாதிரி தனியாகவே பெறுமதியானது. அது மில்லிலீற்றருக்கு 11.4 நனோகிராமைத் தாண்டினால் மாஸ்ட் கலங்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கே கொட்டு மிகக் கடுமையாக முடிகிறது.

விஷத்துக்கான ஒவ்வாமைச் சோதனை கொட்டிய கிழமையே செய்வதல்ல. கொட்டிய பின் சில கிழமைகளுக்குத் தோலின் எதிர்வினை அடங்கிப்போயிருக்கும். அப்போது செய்தால் இருக்கும் ஒவ்வாமையும் இல்லை என்று வரலாம். நான்கு முதல் ஆறு கிழமை கழித்துச் செய்ய வேண்டும். தோல் சோதனைக்கு முன் ஐந்து முதல் ஏழு நாள் பிரிட்டோன், செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் கூடாது. தடிமனுக்குக் கடையில் வாங்கும் மாத்திரையிலும் இவை கலந்திருக்கும் என்பதை நோயாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இரத்தச் சோதனைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

தோல் சோதனை இப்படி நடக்கும். முன்கையின் உட்புறத்தில் பேனையால் அடையாளமிட்டு, ஓர் இடத்தில் வெறும் உப்புநீர், ஓர் இடத்தில் ஹிஸ்டமின், மற்ற இடங்களில் விஷக் கரைசல் என்று ஒவ்வொரு துளி வைத்து ஊசிமுனையால் மெல்லக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் பார்க்கும்போது ஹிஸ்டமின் வைத்த இடம் தடித்திருக்க வேண்டும். தடிக்காவிட்டால் உடம்பில் இன்னும் மாத்திரை வேலை செய்கிறது, அந்தச் சோதனை செல்லாது. உப்புநீர் இடத்தைவிட 3 மில்லிமீற்றராவது பெரிதாக விஷம் வைத்த இடம் தடித்துச் சுற்றிலும் சிவந்தால் அது நேர்மறை. குத்தலில் ஒன்றும் வராவிட்டால் தோலுக்குள் மிகச் சிறிய அளவை ஏற்றுவார்கள். ஒரு மில்லிலீற்றரில் 0.001 மைக்ரோகிராம் என்ற செறிவில் தொடங்கிப் பத்து மடங்காக ஏறி 1 மைக்ரோகிராமில் நிறுத்துவார்கள். அதற்கு மேல் போனால் ஒவ்வாமை இல்லாதவரின் தோலும் விஷத்தின் எரிச்சலால் தடிக்கும். எவ்வளவு சிறிய அளவென்றாலும் உள்ளே போவது விஷந்தான். எனவே ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிர்காக்கும் ஊசிமருந்தான அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வைத்தியசாலையில், பழகிய கையால் மட்டுமே இது செய்யப்பட வேண்டும். இரத்தச் சோதனை அந்தந்த விஷத்துக்குரிய ஐ.ஜி.ஈ. அளவைக் காட்டும்; வழமையாக 0.35 அலகுக்கு மேல் நேர்மறை.

எங்கே தவறுகிறது என்றால், பல இடங்களில். தனியார் ஆய்வுகூடத்தில் ஆயிரக்கணக்கில் கட்டி 'அலர்ஜி டெஸ்ட்' என்று எடுத்து வரும் அறிக்கையில் தூசிப்பூச்சி, இறால், முட்டை, பால் எல்லாம் இருக்கும், தேனீ விஷம் இருக்காது. வீட்டாரோ 'ஒன்றும் இல்லையாம்' என்று நிம்மதி அடைகிறார்கள். பணம் கட்டும் முன் தேனீ விஷம், குளவி விஷம் என்ற பெயர்கள் பட்டியலில் உண்டா என்று கேட்க வேண்டும். இன்னும் சிலர் மொத்த ஐ.ஜி.ஈ. அளவை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். குடற்புழு இருந்தாலே அது ஏறும், இளைப்பு நோய் இருந்தாலும் ஏறும். குளவிக்கொட்டுப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. சந்தையில் உள்ள சோதனைப் பொருட்கள் ஐரோப்பியத் தேனீயிலிருந்தும் மேற்குநாட்டுக் குளவிகளிலிருந்தும் செய்யப்படுபவை. நமது மலைத்தேனீ ஐரோப்பியத் தேனீயின் நெருங்கிய உறவு என்பதால் தேனீச் சோதனை பெருமளவு பயன்படும். நமது குளவிகளுக்கு அந்தளவு நம்பிக்கை வைக்க முடியாது. ஆகவே அன்று தெளிவாக மூச்சுத் திணறி இரத்த அழுத்தம் விழுந்தவருக்குச் சோதனை எதிர்மறையாக வந்தால், 'பயமில்லை, மலைக்குப் போங்கள்' என்று எழுதிக் கொடுப்பது பெரும் தவறு. தோல், இரத்தம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, தேவையென்றால் சில மாதம் கழித்துத் திரும்பச் செய்து, அதுவரை ஒவ்வாமை உள்ளவராகவே அவரை நடத்த வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. கொட்டு வாங்கிப் பழகிய மக்களிடையே ஒரு தொந்தரவும் வராத பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட இந்தச் சோதனை நேர்மறையாக வரலாம். தோட்டத்திலுள்ள எல்லோருக்கும் சோதனை செய்யும்படி சிலர் நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். அது தேவையில்லாத பயத்தையும் வேலை இழப்பையுமே கொண்டுவரும். கொட்டிய இடத்தில் மட்டும் வீங்கியவருக்குச் சோதனை வேண்டாம். உடல் முழுவதும் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டாயம் வேண்டும். தோலில் மட்டும் தடிப்பு வந்த பிள்ளைகளுக்கு அடுத்த கொட்டில் திரும்பவும் வரும் வாய்ப்பு நூற்றில் பத்தளவே. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பெரியவர்களுக்கோ நூற்றில் நாற்பது முதல் அறுபது வரை. அறிக்கையில் வரும் எண் பெரிதா சிறிதா என்பது அடுத்த கொட்டு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று சொல்லாது. சிறிய எண்ணோடும் உயிர் போயிருக்கிறது.

ஒவ்வாமை உறுதியானால் விஷத்தையே சிறுகச் சிறுக ஏற்றிப் பழக்கும் சிகிச்சை உலகில் உண்டு. 100 மைக்ரோகிராம் அளவுக்கு ஏற்றிவந்து, பிறகு மாதமொரு ஊசியாக மூன்று முதல் ஐந்து வருடம். தேனீ விஷத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு அளவில், குளவி விஷத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பலன் தருகிறது. நமது அரச வைத்தியசாலைகளில் இது இன்னும் வழமையான சேவையல்ல. அப்படியென்றால் சோதித்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: ஒவ்வாமை உறுதியானவரை வெளிக்களத்திலிருந்து தொழிற்சாலைக்கோ பிள்ளை மடுவத்துக்கோ (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) நாற்று மேடைக்கோ, சம்பளம் குறையாமல் மாற்றலாம். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலோல், புரொபனலோல் போன்ற மாத்திரை எடுப்பவர் என்றால் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று வைத்தியர் பார்க்கலாம், ஏனென்றால் இவை அட்ரினலின் வேலை செய்வதைத் தடுக்கும். தானாக நிறுத்திவிடக் கூடாது. நோயெதிர்ப்பியல் நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இதற்கென ஒரு பிரிவு இருக்கிறது. மலையகத்திலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் செலவாகும் என்பதால்தான் பலர் போவதில்லை. அந்தச் செலவைத் தோட்ட நிர்வாகம் ஏற்பது நியாயம்.

இறுதியாக அட்ரினலின். ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிரைக் காப்பது இது ஒன்றே. பிரிட்டோனும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் அரிப்பைக் குறைக்கும், அடைத்த தொண்டையைத் திறக்காது. ஒரு மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியில் ஒரு மில்லிகிராம் இருக்கும். பெரியவருக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவருக்கும் அதில் பாதி, அதாவது 0.5 மில்லிலீற்றர். ஆறு முதல் 12 வயது வரை 0.3. அதற்குக் குறைந்த பிள்ளைக்கு 0.15. தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில், தசைக்குள். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் அதே அளவு இன்னொரு தடவை. இந்தச் செறிவை இரத்த நாளத்தில் ஏற்றினால் இதயம் தடுமாறும். பயிற்சி இல்லாத கை பயப்படுவது அதனால்தான். பயிற்சிதான் அந்தப் பயத்துக்கு மருந்து. குப்பியை வெளிச்சம் படாமல் 25 பாகைக்குக் கீழே வைக்க வேண்டும். நமது குளிருக்கு அது கஷ்டமில்லை. மருந்து இளஞ்சிவப்பாகவோ மண்ணிறமாகவோ மாறியிருந்தால் எறிந்துவிட வேண்டும்.

ஊசிக்குப் பிறகு நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். இரத்த அழுத்தம் விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி முச்சக்கர வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோவது ஆபத்து. இரத்தம் காலில் தேங்கி இதயத்துக்குத் திரும்பாமல், வழியிலேயே நாடி நின்றுவிடலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வரும்வரை படுத்தபடியே வைத்திருங்கள். வண்டி வராத மலையென்றால் கொழுந்து லொறியின் தளத்தில் படுக்கவைத்துக் கொண்டுபோவது மேல்.

ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் காலாவதியாகாத அட்ரினலின் குப்பி ஐந்து, ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சும் ஊசியும், வயதுக்கேற்ற அளவு தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டை, அதை ஏற்றப் பயிற்சி பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுவதும் இருக்கிறார்களா என்று சுகாதாரத் திணைக்களமும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் பிரதேச நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த குளவிக்கொட்டுச் செய்தியை எழுதும்போது கொட்டியது தேனீயா குளவியா, தோட்டத்திலேயே அட்ரினலின் ஏற்றப்பட்டதா, கொட்டி எத்தனை நிமிடத்தில் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, கிடைத்த பதிலையும் சேர்த்துப் பிரசுரியுங்கள்.

தோட்ட சுகாதாரப் பணியில் உள்ள சிலர்
ஹட்டன்